வெள்ளிக்கிழமை நாற்காலி

மில்ட்ரி ஞானதாஸ் மேல் ஊருக்கு இவ்வளவு பாசம் உண்டு என்பது அவர் செத்த பிறகுதான் வெளியே வந்தது. உயிரோடு இருந்தவரை அவர் எதிரே வந்தால் வேறு பக்கம் முகத்தைத் திருப்பியவர்கள் எல்லாம் இன்றைக்குக் கையில் மாலையோடு வரிசையில் நின்றார்கள். காலனி முனையில் பெரிய பந்தல். ஸ்பீக்கர் காது கிழியக் கத்திக்கொண்டிருந்தது. படத்திறப்பு விழாவாம். விழா எடுப்பவன் சின்னராசு. பழைய பஞ்சாயத்துத் தலைவன். ஞானதாஸை வாழவிடக் கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டு அலைந்தவர்களில் முதல் ஆள்.

பந்தல் வாசலில் கட்டியிருந்த பேனரை ஞானதாஸின் மனைவி அம்முலு அண்ணாந்து பார்த்தாள். பின்னால் பனிமலை. முன்னால் துப்பாக்கியோடு ஒரு வாட்டசாட்டமான உடம்பு. கழுத்துக்கு மேலே மட்டும் அவள் புருஷன். ‘கார்கில் வேங்கையே!’ என்று சிவப்பில் கொட்டை எழுத்து. அதைவிடப் பெரிய அளவில் சின்னராசுவின் சிரித்த முகம்.

அவளுக்கு வயிறு எரிந்தது. அந்த மனுஷன் ஆயுசில் பனியைப் பார்த்தது உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு ஐஸ் வண்டியில்தான். கார்கில் சண்டை நடந்தபோது அவர் செகந்திராபாத்தில் ஒரு ஸ்டோரில் உட்கார்ந்து கம்பளி எண்ணிக்கொண்டிருந்தார். அவர் போன சண்டை வேறு. அமைதிப்படை என்று பெயர் வைத்து இலங்கைக்கு அனுப்பினார்களே, அந்தச் சண்டை. இடது காதை அங்கேதான் விட்டுவிட்டு வந்தார். கண்ணிவெடி வண்டிக்கு முன்னால் வெடித்ததில் செவிப்பறை போய்விட்டது. அந்தச் சண்டையிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவர்களுக்கு நம்மூரில் ஒருவரும் ஆரத்தி எடுக்கவில்லை. இப்போதும் மைக்கில் அதைச் சொன்னால் கைதட்டு வராது என்று சின்னராசுவுக்குத் தெரியும். அதனால் செத்தவரைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பனியில் நிறுத்திவிட்டான்.

"எம்மா, பேனரையே மொறைச்சிப் பாத்துக்கினு நிக்காத. எல்லாரும் பாக்கறாங்க," என்று மகள் ஷாரோன் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் காஞ்சிபுரத்தில் நர்ஸ். லீவு போட்டு வந்திருந்தாள்.

"பாக்கட்டும். இன்னாத்துக்கு வந்தாங்க? பாக்கத்தானே."

முதல் வரிசையில் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். எதிரே மேடையில், மாலைகளுக்கு நடுவே, துணி போட்டு மூடிய படம். அதைப் பார்க்க அவளுக்குக் கோபம்தான் வந்தது. அழுகை வரும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்துபோனார்கள்.

சொல்லப்போனால் ஊர் மேல் இருந்த கோபத்தில் பாதி அளவு அவளுக்குப் புருஷன் மேலேயும் உண்டு. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த ஆள் என்ன செய்திருக்க வேண்டும்? கூடப் படையில் இருந்தவர்கள் எல்லாம் ஏ.டி.எம். வாசலில் நீலச் சட்டை போட்டு உட்கார்ந்து, மாதம் பிறந்தால் சம்பளம் வாங்கி, நிழலில் காலம் தள்ளினார்கள். இவருக்கு மட்டும் நிலம் வேண்டும் என்று பேய் பிடித்துக்கொண்டது.

காரணம் இல்லாமலும் இல்லை. ஞானதாஸின் அப்பா அந்த ஊர் ஏரிக்கு நீர்க்கட்டி. ஏரிக்குள் முங்கி மதகைத் திறப்பதும், கால்வாய் ஓரமாகவே நடந்து ஒவ்வொருத்தர் கழனிக்கும் முறைப்படி தண்ணீர் திருப்பிவிடுவதும் அந்த வேலை. ஊருக்கெல்லாம் தண்ணீர் கட்டினாரே தவிர, அவருக்குக் கால் வைக்கச் சொந்தமாக ஒரு வரப்பு கிடையாது. அறுப்பு முடிந்தால் களத்தில் ஒதுங்கி நின்று, போடுகிற நெல்லைத் துண்டில் வாங்கிக்கொண்டு வருவார். காலனியில் எல்லார் பிழைப்பும் அப்படித்தான். அப்பாவுக்குப் பிறகு அந்த வேலைக்குத் தம்பி தானியேல் போனான். அண்ணன் பட்டாளத்துக்குப் போனார்.

திரும்பி வந்து நிலம் கேட்டபோது ஊரில் ஒருத்தனும் கொடுக்கவில்லை. விற்கத் துடித்துக்கொண்டிருந்தவன்கூட, காலனிக்காரன் கேட்கிறான் என்றதும் விற்கவில்லை என்றான். கடைசியில் உத்திரமேரூர் சன்னதித் தெரு சுந்தரவரதன் கொடுத்தார். அவர் குடும்பத்தில் எல்லாரும் வாத்தியார் வேலையும் ஆபீஸ் வேலையுமாகச் சென்னையில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். கடைமடையில் கிடந்த அந்தக் கழனியை உழுவதற்கு நாதியில்லை. ஊரை ஒரு வார்த்தை கேட்காமல் ஞானதாஸுக்குப் பத்திரம் பண்ணிக் கொடுத்துவிட்டார். அன்றைக்கு ஊருக்கு ஏறிய காய்ச்சல் இன்னும் இறங்கவில்லை. அதிலும் சின்னராசுவுக்கு. அவன் கழனி அதே கால்வாயில் சரியாக ஒரு படி மேலே. சுந்தரவரதன் கழனியையும் சேர்த்து மடக்கிப்போட வேண்டும் என்று நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தவன் அவன்.

நிலத்தைத் தடுக்க முடியாதவன் தண்ணீரைத் தடுத்தான். அதற்கு அவன் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. ஊர் வழக்கமே போதுமானதாக இருந்தது. கடைமடைக் கழனிக்கு வெள்ளிக்கிழமை முறை. காலையில் வெளிச்சம் வந்ததிலிருந்து பொழுது சாயும்வரை. ஆனால் முறைக்காரன் வாய்மடையில், அதாவது கால்வாயிலிருந்து கழனிக்குத் தண்ணீர் பிரிகிற இடத்தில், ஆளாக நிற்க வேண்டும். நிலத்துக்காரன் நிற்கலாம். இல்லையென்றால் அவன் ரத்தத்தில் ஒரு ஆம்பளை நிற்கலாம். பெண்பிள்ளை நின்றால் கணக்கில் வராது. ஆள் இல்லாத முறை மேல்மடைக்காரனுக்குப் போய்விடும். யார் எழுதினது, எங்கே எழுதினது என்று கேட்டால் ஒருத்தனுக்கும் தெரியாது. ஆனால் அதை மீறிப் பேச ஒருத்தனுக்கும் வாய் வராது.

ஞானதாஸ் நின்றார். முதல் வெள்ளிக்கிழமை, ஒண்ணுக்குப் போகச் சவுக்குத் தோப்புப் பக்கம் ஒதுங்கினார். திரும்பி வருவதற்குள் சின்னராசுவின் ஆள் மண்ணைப் போட்டு மடையை அடைத்துவிட்டான். "ஆள் இல்லியே மில்ட்ரி," என்று பல்லைக் காட்டினான். அடுத்த வாரம் ஞானதாஸ் ஒரு இரும்பு மடக்கு நாற்காலியைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். பட்டாளத்தில் கழித்துக்கட்டின பச்சை நாற்காலி. வாய்மடையை ஒட்டி விரித்துப் போட்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவே இல்லை.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை என்றால் நாற்காலிதான். மழையானாலும் உட்காருவார், காய்ச்சலானாலும் உட்காருவார். கல்லால் அடித்துப் பார்த்தார்கள். வண்டியை ஓரமாக ஓட்டிச் சேற்றை வாரி இறைத்துப் பார்த்தார்கள். இடது காதுப் பக்கம் வந்து நின்று அவர் சாதியைச் சொல்லி, தாயைச் சொல்லி வைதார்கள். அது கேட்காத காது. ஒரு தடவை நாற்காலியையே தூக்கி ஏரியில் போட்டுவிட்டார்கள். தானியேல் முங்கி முங்கித் தேடி, மதகுப் பக்கத்துச் சேற்றிலிருந்து எடுத்துவந்து, யாருக்கும் தெரியாமல் அண்ணன் வாசலில் வைத்துவிட்டுப் போனான். தானியேல் அப்படித்தான். நல்லவன், ஆனால் முதுகெலும்பைச் சின்னராசு வீட்டில் அடகு வைத்தவன்.

ஞானதாஸ் தன் கழனியில் போர்வெல் போட்டும் பார்த்தார். பாறைத்தூள் வந்தது. ஏரியை விட்டால் வேறு வழி கிடையாது என்று ஆயிற்று.

ஊர் படுத்தினது ஒரு பக்கம் என்றால் இந்த மனுஷன் வீட்டைப் படுத்தினது இன்னொரு பக்கம். ஷாரோன் நிச்சயதார்த்தத்தை மாப்பிள்ளை வீட்டார் வெள்ளிக்கிழமை வைத்தார்கள். தாமலிலிருந்து வேன் பிடித்து வந்து இறங்குகிறார்கள். பெண்ணோட அப்பா எங்கே? கழனியில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பொழுது சாய்ந்த பிறகு சேற்றுக் காலோடு வந்து "வாங்க வாங்க" என்கிறார், சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டிருக்கிறவர்களைப் பார்த்து. சம்பந்தியம்மாள் ஜெயம்மாள் அதை இன்றைக்கு வரைக்கும் சொல்லிக் காட்டுகிறாள். அம்முலுவுக்கு அன்றைக்கு வந்த ஆத்திரத்தில் நாற்காலியைக் கிணற்றில் போட்டிருப்பாள். வீட்டில் கிணறு இல்லை.

"உனுக்குப் பொண்டாட்டி நானா, அந்த நாற்காலியா?" என்று அன்றைக்குக் கேட்டாள். வழக்கம்போல இடது பக்கமாக நின்றுதான் கேட்டாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவரைத் திட்ட வேண்டியதை எல்லாம் அந்தப் பக்கம்தான் திட்டுவாள். அவருக்குக் கேட்காது. அவளுக்கும் ஆறிவிடும். குடும்பம் நடந்ததே அந்தக் காதால்தான் என்று சொல்ல வேண்டும்.

ஆனால் அன்றைக்கு அவர் திரும்பிப் பார்த்தார். உதடு அசைந்ததிலேயே புரிந்துகொண்டார் போல.

"ஒண்ணு சொல்றேன் கேளு," என்றார். சண்டை பற்றி அவர் வாயைத் திறந்தது அந்த ஒரு தடவைதான். "அங்க ஒரு ஊர்ல ஒரு வூட்டுக் கெணத்தாண்ட போய் நின்னேன். நாக்கு வறண்டுபோச்சி. ஒரு அம்மா தண்ணி எறைச்சிக்கினு இருந்தாங்க. அம்மா, கொஞ்சம் தண்ணி குடுங்கன்னேன். நான் தமிய்ல கேட்டதும் அவங்களுக்கு மூஞ்சே மாறிப்போச்சி. வாளி நெறைய எறைச்சாங்க. எனுக்குத்தான்னு கையேந்தினேன். என் கண்ணெதிர்ல அம்மாந்தண்ணியும் தரையில ஊத்திட்டு வூட்டுக்குள்ள போயிட்டாங்க."

"அடிப்பாவி," என்றாள் அம்முலு.

"அவங்கள ஒண்ணும் சொல்லாத. அவங்க பண்ணது ஞாயம். துப்பாக்கிய மாட்டிக்கினு அவங்க ஊர்ல போய் நின்னது நானு. அவங்க கெணறு, அவங்க தண்ணி. குடுக்கறதும் ஊத்தறதும் அவங்க இஷ்டம்." சேற்றுக் காலைச் சொரிந்துகொண்டே சொன்னார். "இது அப்டி இல்ல. இது என் மொறை. இதைத் தரையில ஊத்தறதுக்கு இவன் யாரு?"

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. அதற்காக அவளுக்குக் கோபம் போய்விட்டது என்று நினைத்துவிடக் கூடாது. நியாயம் புரிந்துவிட்டால் கோபம் போய்விடுமா என்ன? நிச்சயதார்த்தம் திரும்பி வரப்போகிறதா?

மாசி மாதம் நெஞ்சுவலி வந்தது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. காலனி சுடுகாட்டுக்குப் பாதை கிடையாது. சேற்றில் கால் புதையப் புதைய வரப்பு மேலே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஊர்த் தெருவிலிருந்து ஒரு ஈ காக்கை வரவில்லை. அடக்கம் முடிந்து வந்ததும் அம்முலு முதல் வேலையாக அந்த நாற்காலியைத் தூக்கி எருக்குழி ஓரம் வீசினாள். பழைய இரும்புக்காரன் வந்தால் போட்டுவிட வேண்டும் என்று வைத்திருந்தாள். கோழிகள் ஏறி உட்கார்ந்து அசிங்கம் பண்ணிக்கொண்டிருந்தன.

கழனியில் நவரைப் பட்டத்துக் குண்டு நெல். ஞானதாஸ் கையால் நட்ட கடைசிப் பயிர். கதிர் வெளியே வந்து பால் பிடிக்கிற சமயம். இந்த நேரத்தில் ஒரு தண்ணீர் தவறினால் நெல்லுக்குப் பதில் பதர்தான் அறுக்க வேண்டும். அண்ணன் ரத்தம் என்கிற முறையில் தானியேல் வெள்ளிக்கிழமைகளில் வாய்மடையில் நின்றான். "நான் பாத்துக்கறேன் அண்ணி, நீ கவலப்படாத," என்றான். ஏரியில் தண்ணீர் மதகு மட்டத்துக்கு இறங்கிக்கொண்டே வந்தது. இன்னும் ஒரு முறைக்குத்தான் தாங்கும் என்று ஊரே பேசிக்கொண்டது.

அப்போதுதான் சின்னராசு வெள்ளை வேட்டியோடு காலனிக்குள் வந்து நின்றான். வாழ்நாளில் முதல் தடவையாக அம்முலு வீட்டு வாசலில்.

"நடந்தது நடந்து போச்சிம்மா. மில்ட்ரிக்கு ஊர் சார்பா ஒரு படத்திறப்பு வெக்கணும். மாவட்டத்துல இருந்து பெரிய ஆளுங்கள இட்டுக்கினு வரேன். வெள்ளிக்கெயமதான் அவங்களுக்குத் தோது," என்றான்.

உள்ளாட்சித் தேர்தல் வருகிறது, காலனி ஓட்டு வேண்டும். அது அம்முலுவுக்குப் புரிந்தது. புரிந்தும் தலையாட்டினாள். இருபத்தைந்து வருஷம் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை என்று அந்தக் கிழமையைச் சபித்தவளுக்கு, அன்றைக்கு மட்டும் அது என்ன கிழமை என்று உறைக்கவில்லை. துக்கம் ஆளை அப்படி மழுங்கடித்துவிடும். பிறகு உறைத்தபோதும், தானியேல்தான் நிற்கிறானே என்று விட்டுவிட்டாள்.

இப்போது பந்தலில் சின்னராசு மைக்கைப் பிடித்தான்.

"குடவோலை கண்ட இந்த உத்திரமேரூர் மண்ணிலே பிறந்து, பனிமலையிலே பகைவனைப் பந்தாடிய எங்கள் ஞானதாஸ் அண்ணன் மறைந்துவிட்டார் என்று யார் சொன்னது? அவர் சாகவில்லை! வீரனுக்குச் சாவு கிடையாது! இதோ இந்தப் படத்திலே உயிரோடு உட்கார்ந்திருக்கிறார்! நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்!"

கைதட்டினார்கள். துணியை இழுத்தான். படம் தெரிந்தது. அதே வாட்டசாட்டமான உடம்பு, வாங்காத மெடல்கள், மேலே ஞானதாஸ் முகம். சின்னராசு தன் கையாலேயே ஒரு ரோஜா மாலையைப் போட்டான். பக்கத்தில் நின்ற மாவட்டத்துப் பெரிய ஆள் கும்பிட்டார். போன்கள் எல்லாம் உயர்ந்தன.

"குடும்பத்தின் சார்பில் முதல் மாலை, அன்னாரின் அருமைத் தம்பி தானியேல் அவர்கள்!"

அம்முலு திடுக்கிட்டுத் திரும்பினாள். தானியேல் புது வெள்ளைச் சட்டையில், தலை வாரி, கண் கலங்க, மாலையை ஏந்திக்கொண்டு நடுவே நடந்து வந்துகொண்டிருந்தான்.

எழுந்து அவன் சட்டையைப் பிடித்தாள்.

"நீ இங்க வந்துட்டியா? அப்ப மடையில யாரு நிக்கறது?"

"தலைவரு ஆள் நிறுத்தியிருக்கேன்னாரு அண்ணி. தம்பி போட்டாத்தான் மரியாத, நீ வந்தே ஆவணும்னு காலையில வூட்டுக்கே வந்து சட்ட குடுத்தாரு." சொல்லும்போதே தானியேலுக்குக் குரல் இறங்கிவிட்டது. நீர்க்கட்டிக்குத் தெரியாத வழக்கமா? தலைவர் நிறுத்திய ஆள் ஞானதாஸ் ரத்தம் இல்லை. ஆள் இல்லாத முறை மேல்மடைக்கு.

அம்முலு மேடையைப் பார்த்தாள். சின்னராசு அவளைப் பார்த்துக் கும்பிட்டுச் சிரித்தான். அப்போது எல்லாம் விளங்கிவிட்டது. ஓட்டுக்கு விழா, தண்ணீருக்கும் விழா. இன்றைக்குப் போகிற தண்ணீரோடு பயிர் போகும். பயிர் போனால், முதல் வருஷமே பதர் அறுத்த விதவையால் நிலத்தை வைத்துக்கொள்ள முடியுமா? தானாகவே வந்து அவன் காலடியில் பத்திரத்தை வைப்பாள். உயிரோடு இருந்த மனுஷனிடம் பிடுங்க முடியாததை மாலை போட்டுப் பிடுங்குகிறான். த்தூ, என்ன பிறவி!

அவள் மேடையில் ஏறினாள். மைக்கில் பேசப்போகிறாள் என்று நினைத்து வழிவிட்டார்கள். அவள் மைக்கைத் தொடவில்லை. மாலையோடு சேர்த்துப் படத்தைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

"பாவம், தாங்கல அந்தம்மாவால," என்று யாரோ சொன்னார்கள்.

"ஷாரோனு! எருக்குயி ஓரம் உங்க நைனா நாற்காலி கீது. எட்துக்கினு கழனிக்கு வா!" என்று ஒரு சத்தம் போட்டாள். பந்தலைத் தாண்டி நடந்தாள்.

படம் போன பிறகு பந்தலில் என்ன இருக்கிறது? காலனி முழுக்க அவள் பின்னால் நடந்தது. போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாலிபப் பிள்ளைகள் ஓடினார்கள். மாவட்டத்துப் பெரிய ஆளும் என்ன ஏது என்று தெரியாமல் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரப்பில் வந்தார். அவர் வந்ததால் சின்னராசுவும் வரவேண்டியதாயிற்று.

வாய்மடையில் பார்த்தால் அவள் நினைத்தபடியேதான் இருந்தது. ஞானதாஸ் கழனிக்குப் போகிற வழியை மண் போட்டு அடைத்து, தண்ணீர் முழுவதும் சின்னராசு கழனிக்குள் திரும்பி நுரைத்துக்கொண்டு போனது. அவன் ஆள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றான். இந்தப் பக்கம் பால் பிடித்த பயிர் வெடித்த மண்ணில் தலை தொங்கி நின்றது. அதைப் பார்த்தபோதுதான் அம்முலுவுக்கு முதல் தடவையாகக் கண்ணில் நீர் வந்தது. புருஷன் செத்ததற்குக்கூட அப்படி வரவில்லை.

ஷாரோன் நாற்காலியோடு ஓடிவந்தாள். அம்முலு முந்தானையால் கோழி அசிங்கத்தைத் துடைத்தாள். வாய்மடையை ஒட்டி, அவர் எப்போதும் போடுகிற இடத்திலேயே, விரித்துப் போட்டாள். படத்தை அதன் மேல் நிமிர்த்தி உட்காரவைத்தாள்.

"அடைப்பை வெட்டி வுடுடா," என்றாள் அந்த ஆளிடம்.

சின்னராசுவுக்கு முகம் கறுத்துவிட்டது. பெரிய ஆள் பக்கத்தில் நிற்பதால் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"இன்னாம்மா இது கூத்து? நல்ல காரியம் நடக்கற எடத்துல பேஜார் பண்ணிக்கினு. மொறைன்னா ஆள் இருக்கணும். ஊர் வழக்கம் உனுக்குத் தெரியாதா? பொம்பள நின்னா ஆவாது."

"நான் எங்க நிக்கறேன்? மொறைக்காரரு ஒக்காந்துக்கினு கீறாரு பாரு."

"அது படம்மா!"

"படமா?" அம்முலு குரலை ஒரு இழை தாழ்த்தவில்லை. "இப்பதான் மைக்கு வெச்சி ஊருக்கே சொன்ன, அவரு சாவல, உயிரோட ஒக்காந்துக்கினு கீறாருன்னு. நாங்க எல்லாரும் கேட்டோம். இந்தப் பெரியவரும் கேட்டாரு. கை தட்னாரு. இப்ப இல்லன்றியா? அப்ப இதே எடத்துல, இவங்க எதிர்லயே சொல்லு தலைவரே. மில்ட்ரி செத்துப்போயிட்டான், நான் சொன்னதெல்லாம் பொய்யி, தண்ணிக்காகத்தான் மாலை போட்டேன்னு சொல்லு. நான் நாற்காலிய மடக்கிக்கினு போயிடறேன்."

யாரோ ஒரு பையன் சிரித்துவிட்டான். போன்கள் எல்லாம் சின்னராசு முகத்துக்குத் திரும்பின. பெரிய ஆள் தொண்டையைச் செருமிக்கொண்டு, "என்ன தலைவரே, தண்ணிப் பிரச்சினையா? நீங்க சொல்லவே இல்லியே," என்றார்.

சின்னராசு படத்தைப் பார்த்தான். அதன் கழுத்தில் அவன் போட்ட ரோஜா மாலையே இன்னும் வாடாமல் இருந்தது. கை வைத்துத் தூக்கினால் இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் அது எல்லார் போனிலும் ஓடும். அவன் புத்திசாலி. தன் கையை அழுக்காக்கிக்கொள்கிற பழக்கம் அவனுக்கு எப்போதும் கிடையாது.

"டேய் தானியேலு! அண்ணன் படம் வெய்யில்ல கீது பாரு. எடுத்துக்கினு போய்ப் பந்தல்ல வை," என்றான்.

தானியேல் முன்னால் வந்தான். அம்முலு அவனையே பார்த்தாள். சின்னராசு சொல்லி அவன் செய்யாத வேலை ஒன்றுகூடக் கிடையாது. நாற்காலிக்கு எதிரே வந்து நின்று அண்ணன் முகத்தையே பார்த்தான். பிறகு அந்தப் புது வெள்ளைச் சட்டையைக் கழற்றி, மடித்து, சின்னராசுவின் தோளில் போட்டான். ஆளிடமிருந்து மண்வெட்டியைப் பிடுங்கினான்.

"அண்ணன் ஒக்காந்துக்கினு கீறாரு தலைவரே," என்றான். "மொறைக்காரன் ஒக்காந்துக்கினு இருந்தா நீர்க்கட்டி மடையத் தொறந்துதான் ஆவணும். இது ஊர் வழக்கம். நான் மீற முடியாது."

ஒரு வெட்டு, இரண்டு வெட்டு. அடைப்பு கரைந்தது. தண்ணீர் முதலில் தயங்கி, பிறகு புரண்டு, ஞானதாஸ் கழனிக்குள் இறங்கியது. வெடிப்புகள் குடிக்கிற சத்தம் கேட்டது.

சின்னராசு சட்டையைத் தோளிலிருந்து உதறிவிட்டு, "மரியாத தெரியாத ஜனம்," என்று முனகிக்கொண்டு போனான். பெரிய ஆள் அவனுக்கு முன்பே போய்விட்டார். கூட்டமும் கலைந்தது. பந்தலில் பிரியாணி ஆறிக்கொண்டிருப்பது அவர்களுக்கு நினைவு வந்துவிட்டது.

தானியேல் மண்வெட்டியோடு வரப்பில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். ஷாரோன் சித்தப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அம்முலு அவனைத் தேற்றப் போகவில்லை. காலையில் அந்தச் சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டவன் கொஞ்சம் அழட்டும் என்று விட்டுவிட்டாள்.

பொழுது சாய இன்னும் நேரம் கிடந்தது. அதுவரை இந்த இடத்தை விட்டு அசைய முடியாது. அவள் நாற்காலிப் பக்கம் வந்தாள். உடம்பு எவனுடையதோ, மூஞ்சி அவருடையதுதான். நெற்றியில் அந்தப் பிடிவாதம் அப்படியே இருந்தது. வழக்கம்போல இடது பக்கமாகப் போய் நின்று வாயைத் திறந்தவள், என்ன தோன்றிற்றோ, சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்தாள். காது கேட்கிற பக்கம். குனிந்தாள்.

"உன்னால நான் பட்டது கொஞ்சநஞ்சமில்லய்யா," என்றாள். "நல்லா ஒக்காரு. பொய்து போறவரைக்கும் எய்ந்துக்காத."